பட்டியல் ஏன் கூடவே வருவதில்லை?

கேள்வி: நிரல் எழுதும் விம் எடிட்டரில், கோப்பிலுள்ள ஃபங்ஷன் பெயர்களைப் பக்கத்தில் பட்டியலிடும் டேக்பார் செருகுநிரலைப் போட்டிருக்கிறேன். கர்சர் அடுத்த ஃபங்ஷனுக்குப் போன பிறகும் பக்கத்துப் பட்டியலில் பழைய பெயரே சில வினாடிகள் பளிச்சென்று நிற்கிறது. என் தோழி வி.எஸ். கோட் எடிட்டரைப் பயன்படுத்துகிறாள். அவளுடைய அவுட்லைன் பட்டியல் அசைவதே இல்லை. இருவருக்கும் வழி சொல்லுங்களேன்!
– ஒரு வாசகி

பதில்: தோழியின் பிரச்சினை சின்னது. அவுட்லைன் தலைப்பின் மேல் மவுஸை வைத்தால் மூன்று புள்ளிகள் தெரியும். அதில் 'ஃபாலோ கர்சர்' என்பதை டிக் செய்யச் சொல்லுங்கள். அது தானாக இயங்கும்படி வருவதில்லை, நாம்தான் போட வேண்டும்.

உங்கள் கதை வேறு. கர்சர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால்தான் விம் 'கர்சர்ஹோல்ட்' என்று குரல் கொடுக்கும். அதைக் கேட்டுத்தான் டேக்பார் பெயரை மாற்றும். அந்தக் 'கொஞ்ச நேரம்' அப்டேட்டைம் என்ற அமைப்பில் இருக்கிறது. நாம் தொடாதவரை 4000 மில்லிவினாடி, அதாவது முழுசாக 4 வினாடி! விம்மின் அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பில் அதை 300 ஆக்குங்கள். 10, 20 என்று இறங்க வேண்டாம். தட்டுவதை நிறுத்தி எவ்வளவு நேரத்தில் ஸ்வாப் கோப்பை (சேமிக்காத வேலையை மீட்க விம் வைத்திருக்கும் நகலை) வட்டில் எழுதுவது என்பதையும் இதே எண்தான் முடிவு செய்கிறது. தவிர, ஜே விசையை அழுத்திப் பிடித்து மளமளவென்று இறங்கும்போது பக்கத்தில் ஒரு பட்டியலும் சேர்ந்து குதித்தால் எனக்குக் கண் வலிக்கும்.

வேகம் சரியான பிறகும் சில இடங்களில் தவறான பெயர் தெரியலாம். ஃபங்ஷன் முடிந்து, அதற்குக் கீழே வெளியில் இருக்கும் வரியில் கர்சரை வைத்துப் பாருங்கள். டேக்பாருக்குப் பெயர்களைத் தேடித் தரும் நிரல் சிடேக்ஸ். அதன் பழைய பதிப்பு, ஃபங்ஷன் தொடங்கும் வரியை மட்டும்தான் சொல்லும். அதனால் கர்சருக்கு மேலே கடைசியாக எது தொடங்கியதோ, அதற்குள் இருப்பதாக டேக்பார் நினைத்துக்கொள்கிறது. வி.எஸ். கோடுக்கு இந்தச் சிக்கல் குறைவு. நிரலைப் படித்து எடிட்டருக்கு விவரம் சொல்லும் மொழி சர்வர் ஒவ்வொரு பெயருக்கும் தொடக்கம், முடிவு இரண்டையும் அனுப்பும். கர்சர் எந்த எல்லைக்குள் நிற்கிறது என்று பார்த்தால் போதும். ஆனால் அடைப்புக்குறியைப் பாதியில் விட்டுவிட்டு ஓரிடத்தில் நின்றீர்களானால், அந்த எல்லைகளும் குழம்பலாம். மூடியதும் சரியாகிவிடும்.

இன்னொன்று: டேக்பாரில் ஒரு கிளாஸை மடித்து வைத்திருந்தால், உள்ளே இருக்கும் மெத்தடுக்குப் பதில் கிளாஸின் பெயர்தான் ஒளிரும். அது கோளாறு இல்லை. தானாக விரிய வேண்டுமென்றால் டேக்பார்_ஆட்டோஷோடேக் மாறியை 1 ஆக்குங்கள்.

அப்புறம், 'நான் எந்த ஃபங்ஷனில் இருக்கிறேன்' என்பது மட்டும்தான் உங்கள் தோழிக்குத் தேவையென்றால், அவுட்லைனை மூடிவிடலாம். கோப்புக்கு மேலே ஓடும் பிரெட்கிரம்ப்ஸ் வரியே அதைக் காட்டும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வேறு ஃபங்ஷனுக்குத் தாவ கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தலாம்.