கொடையா, மொய்யா?

கேள்வி: மதுரை – போடிநாயக்கனூர் ரயில் பாதை வெள்ளைக்காரர் நமக்குத் தந்த கொடை என்று என் தாத்தா சொல்வார். அதை அகலப்படுத்த நம்மவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தனவே? – ஒரு வாசகர், தேனி

பதில்: தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. 2010 டிசம்பர் கடைசியில் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) வண்டியை நிறுத்திவிட்டு, 2022-இல் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் ரயிலைத் திரும்பக் கொண்டுவந்தவர்களே அதற்குப் பதில் சொல்லட்டும். என்னைப் பிடித்து நிறுத்தியது ‘கொடை’ என்ற சொல்.

உசிலம்பட்டிப் பக்கத்து விசேஷ வீடுகளுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பந்தல் வாசலில் மேசை போட்டு, ஒருவர் பணத்தை எண்ண, இன்னொருவர் ஊரும் பேரும் தொகையும் நோட்டில் எழுதுவார். அதைக் கொடை என்று எவரும் சொல்வதில்லை. ஒரு நாள் கூடுதலாகவே திருப்பிச் செய்யவேண்டிய மொய் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். வெள்ளைக்காரர் செய்தது மொய்கூட அல்ல. இங்கே முதலில் ரயில் போட வந்த லண்டன் கம்பெனிகளுக்கு, போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம் உண்டு. வண்டி ஓடி அவ்வளவு கிடைக்காவிட்டால், துண்டு விழுந்ததை இந்திய வரிப்பணம் ஈடுகட்டியது. நம் மடியிலிருந்து எடுத்த பணத்தை, நம் வீட்டு நோட்டிலேயே தம் பெயரில் எழுதிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நன்றியில்லை என்று கடிதம் எழுதும் பழைய வாசகர் ஒருவர் இருக்கிறார். இந்த முறையும் அவர் எழுதுவார்.

ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள போடிப் பாதை அந்த உத்தரவாதக் காலத்துக்கு வெகுநாள் கழித்து, 1928-இல்தான் வந்தது. வந்ததும் உங்கள் தாத்தாவை மதுரைக்கு அழைத்துப்போவதற்காக அல்ல; மலையில் விளைந்த ஏலக்காயும் தேயிலையும் அதைவிட அவசரமான பயணிகள். மூணாறுத் தோட்டக்காரர்கள் அதற்கு முன்பே மலைக்குள் தனியாக ஒரு குட்டி ரயில் வைத்திருந்தார்கள். முதலில் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளம், 1908 முதல் இரண்டடி அகலப் பாதை. தேயிலைப் பெட்டிகள் அதில் மலை விளிம்பிலிருந்த டாப் ஸ்டேஷன் வரை வந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துச் சென்றது. மறுபடி அதைப் போடவில்லை. நான்கு ஆண்டு கழித்து அடிவாரத்துக்கு ரயில் வந்தபோது, மேலே அதற்கு உறவு என்று சொல்ல ஒரு தண்டவாளம் இல்லை.

அப்படி வந்த ரயிலாவது நிலைத்ததா? இரண்டாம் உலகப் போர் நடந்தபோது இரும்பு வேண்டும் என்று போடிப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். மொய்யைத் திருப்பிக் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பந்தி நடக்கும்போதே பந்தலைப் பிரித்துக்கொண்டு போனவர்கள் இவர்கள்தாம். விடுதலைக்குப் பிறகு, 1950-களில்தான் மறுபடி தண்டவாளம் போடப்பட்டு வண்டி ஓடியது.

தாத்தா எந்த ஆண்டு பிறந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. 1940-க்குப் பிறகென்றால், அவர் நினைவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ரயில் நம்மவர்கள் போட்ட தண்டவாளத்தில் ஓடியதுதான்.