ஹாமில்டன் எட்டாவது உலகப் பட்டத்தை வெல்வாரா?

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் உலகப் பட்டம் என்பது ஓர் ஆண்டின் பந்தயங்கள் அனைத்திலும் சேர்ந்த புள்ளிகளில் முதலிடம் பெறுவதாகும். வெல்பவருக்கு 25, இரண்டாவதாக வருபவருக்கு 18. 2020இல் ஏழாவது பட்டம் வென்று ஷூமாக்கரின் சாதனையைச் சமன் செய்த லூயிஸ் ஹாமில்டனுக்கு எட்டாவது கிடைப்பது, என் கணிப்பில், அவருடைய திறமையைவிட 2025 முதல் அவர் ஓட்டும் ஃபெராரி காரைப் பொறுத்தது. 2005, 2006இல் வென்ற அலோன்சோ என்ற ஓட்டுநருக்கு அதன்பின் பட்டம் அமையாததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

பாம்பனில் நீரோட்டத்தை நிறம் பார்த்தே சொல்லும் முதிய மீனவராக இருந்தாலும், வல்லத்தின் எஞ்சின் இருமிக் கரும்புகை கக்கினால், புது எஞ்சின் பூட்டிய இளைஞர் முன்னதாகவே கரைசேர்ந்து, ஈரம் காயாத மீனை ஏலத்தில் விட்டிருப்பார்.

அதிகப் பந்தயங்களை வென்றவருக்கே பட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 2016இல் 10 பந்தயங்களை வென்ற ஹாமில்டனை, 9 மட்டுமே வென்ற ரோஸ்பெர்க் 5 புள்ளிகளில் முந்திப் பட்டத்தைப் பெற்றார்.