அண்டை நாடுகளின் வரைபடத் துறைகள் சேர்ந்து பொதுவான தரவுக் கட்டமைப்பு அமைப்பது ஏன் இத்தனை இழுபறியாக இருக்கிறது?

செயற்கைக்கோள் படம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான், மென்பொருளும் ஏறக்குறைய ஒன்றுதான், அப்புறம் ஏன் நாலு நாட்டு வரைபடத் துறைகள் உட்கார்ந்து தங்கள் தரவை ஒன்றாகச் சேர்க்க இருபது வருடம் ஆகிறது, தொடங்குவதென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் இதே எரிச்சல் இருந்தது. இப்போதும் எரிச்சல் இருக்கிறது, ஆனால் காரணம் வேறு.

ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் தொழில்நுட்பம்) வேலையில் எனக்குக் கிடைத்த முதல் எல்லை தாண்டிய வேலை ஓர் ஆற்றுப்படுகை வரைபடம். ஆறு இரண்டு நாடுகளில் ஓடுகிறது (எந்த நாடுகள் என்பது இங்கே வேண்டாம்). இரண்டு பக்கத்துத் துறைகளும் கோப்புகளைக் கொடுத்திருந்தன. திறந்து ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், இந்தப் பக்கத்து ஆறு எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது, அந்தப் பக்கத்து ஆறு 40 மீட்டர் தள்ளித் தொடங்குகிறது. இங்கே இரண்டு கரையும் வரைந்த பரப்பாக இருக்கும் ஆறு அங்கே ஒற்றைக் கோடு. இங்கே மாவட்டச் சாலை என்று வந்த சாலை அங்கே போனதும் 'இதர வழி' ஆகிவிடுகிறது. யாரோ தப்பாக வரைந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்ததில் இரண்டு பேருமே சரி. எவ்வளவு அகலமான ஆற்றை இரண்டு கரையோடு வரைவது என்பதற்கு ஆளுக்கொரு விதி, அந்தந்த விதிப்படி ஒரு பிழையும் இல்லை.

நான் என்ன செய்தேன்? மவுஸைப் பிடித்து இரண்டு கோட்டையும் இழுத்து நடுவில் ஒட்டிவிட்டேன். சாலைகளுக்கும் அப்படியே. மூன்று வார வேலை, பார்க்க அழகாக இருந்தது. ஆறு மாதம் கழித்து இரண்டு துறைகளும் புதுப்பித்த கோப்புகளை அனுப்பின, நான் ஒட்டியது அத்தனையும் போச்சு.

என் பதிலே இந்தக் கதைதான். ஒட்டும் வேலை வெளியாள் ஒருவனின் கணினியில் நடந்தால் அது ஒருநாள் கூத்து. ஆறு எல்லையைக் கடப்பது இந்தப் புள்ளியில்தான் என்று இரண்டு துறைகளும் ஒத்துக்கொண்டு, அந்தப் புள்ளியின் இடத்தைச் சொல்லும் ஒரே எண்ணை இரண்டு பேரும் தங்கள் தங்கள் மூலத் தரவில் பதிந்துகொண்டால்தான் அது நிற்கும். 'பிராந்திய இடஞ்சார் தரவுக் கட்டமைப்பு' (இடஞ்சார் தரவு என்றால் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் தரவு) என்று பெரிய பெயர் வைத்தாலும் அடியில் இருப்பது இந்த மாதிரி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஒப்புதல்கள்தான். சர்வர், போர்ட்டல் (தரவைத் தேடி எடுக்கும் இணையதளம்) எல்லாம் காசு கொடுத்தால் வந்துவிடும். செயற்கைக்கோள் படத்தில் ஆறு தெரியும், அதன் பெயர் தெரியாது. சாலை தெரியும், அது யாருடைய பராமரிப்பில் இருக்கிறது என்று தெரியாது. படத்தை வைத்து வரைவதும் ஆளுக்கொரு விதியில்தானே!

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்' என்கிறோமே, எந்தக் கடல்? ஜெர்மனி ஆம்ஸ்டர்டாம் மட்டத்தை, அதாவது வட கடலை, அடிப்படையாக வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் உயரங்கள் ஜெனீவா ஏரிக்குள் இருக்கும் ஒரு பாறையில் தொடங்குகின்றன, அந்தப் பாறையின் உயரம் மத்தியதரைக் கடலில் மார்செய் துறைமுகத்தை வைத்து வந்தது. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். ரைன் ஆற்றின் இரு கரையிலும் லாஃபென்பர்க் என்றே பெயருள்ள இரண்டு ஊர்களை இணைக்கப் பாலம் கட்டியபோது இந்த 27 சென்டிமீட்டர் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. கணக்கில் சேர்க்கவும் செய்தார்கள், ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003-ல் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் இடையே 54 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம்! பாலம் முடிவதற்குள் கண்டுபிடித்து ஒரு பக்கத்தைத் திருத்திவிட்டார்கள், நல்லவேளை. மாற்றும் சூத்திரம் கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பெல்ஜியமும் நெதர்லாந்தும் இன்னும் வேடிக்கை. பெல்ஜியம் ஆஸ்டெண்டில் கடல் வற்றும்போது உள்ள மட்டத்தைச் சுழியமாக வைத்திருப்பதால், ஒரே வயலுக்கு இரண்டு நாட்டுக் கணக்கிலும் உயரம் 2.3 மீட்டர் வேறுபடும். இதற்காகத்தான் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான உயர அமைப்பு ஒன்றைத் தனியாக உருவாக்கினார்கள். நாடுகள் தங்கள் பழைய மட்டத்தை விடவில்லை, பக்கத்திலேயே பொது மட்டத்தையும் வைத்துக்கொண்டன.

கிடைமட்ட ஆள்கூறுகளிலும் (அட்சரேகை, தீர்க்கரேகை மாதிரி ஓர் இடத்தைக் குறிக்கும் எண்கள்) இதே கதை. தெற்காசிய நாடுகள் பலவற்றின் பழைய வரைபடங்கள் நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் பூமியின் வடிவமாகக் கணக்கிட்ட நீள்வட்டக் கோளத்தை வைத்து வந்தவை. சரி, ஒரே அடிப்படைதானே, ஒட்டுவது சுலபம் என்று தோன்றும். இல்லை. அவர் அடிக்கணக்கில் சொன்னதை மீட்டராக மாற்றும்போது ஒவ்வொரு நாடும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மாற்று விகிதத்தை எடுத்துக்கொண்டதால், 'எவரெஸ்ட்' என்ற ஒரே பெயரில் பூமியின் ஆரம் சுமார் முப்பது மீட்டர்வரை வேறுபடும் பல வடிவங்கள் உண்டு. கோப்பில் 'எவரெஸ்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இந்த அடித்தளம், அதாவது பொதுவான ஆள்கூற்று அமைப்பு, இதில்தான் நாடுகள் நன்றாக ஒத்துழைத்திருக்கின்றன. தென் அமெரிக்க நாடுகள் 1993-ல் பராகுவேயின் அசுன்சியோனில் கூடி சிர்காஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. 1995-ல் 58 நிலையங்களில் ஒரே சமயத்தில் ஜிபிஎஸ் அளவீடு எடுத்தார்கள், இன்று அது நூற்றுக்கணக்கான நிரந்தர நிலையங்களாக வளர்ந்து மற்ற அமெரிக்க நாடுகளையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் கிடையாது, துறைகளும் பல்கலைக்கழகங்களும் தாமாக முன்வந்து கணக்கீட்டைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். 2010-ல் சிலியில் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது கன்செப்சியோன் நகரமே சுமார் 3 மீட்டர் மேற்கே நகர்ந்துவிட்டது. கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (துல்லியமாக அளந்து, மற்ற அளவீடுகளுக்கு ஆதாரமாக வைத்த இடங்கள்) எல்லாம் இடம் மாறிப்போன நிலையில், எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல அந்தப் பொது வலையமைப்புதான் கைகொடுத்தது. இதே மாதிரி தரவுக் கட்டமைப்புக்கான ஆசிய பசிபிக் நாடுகளின் குழு 1995-ல் ஐ.நா. ஆதரவில் தொடங்கியது, அங்கேயும் உருப்படியாகத் தொடர்ந்து நடந்தவற்றில் முதலில் சொல்ல வேண்டியது இந்தக் கூட்டு ஜிபிஎஸ் அளவீடுகளைத்தான்.

ஏன் இது மட்டும் நடக்கிறது? ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியின் ஆள்கூற்றைக் கொடுத்தால் யாருக்கும் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது என்பதால்தான் என்று நினைக்கிறேன். சாலை, பாலம், எல்லையோரக் கட்டடம் என்று வந்தால் உடனே பாதுகாப்புத் துறை எட்டிப் பார்க்கும், நிதித் துறையும் வரும். சில நாடுகளில் வரைபடத் துறை தரவை விற்றுத்தான் சம்பளத்தில் ஒரு பங்கைச் சம்பாதிக்கிறது. பக்கத்து நாடு இலவசமாகக் கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு பொருளாக்கினால் எந்த உரிமம் செல்லும்? நடைமுறையில் இரண்டில் கடுமையானதுதான். தாராளமாகக் கொடுத்த நாட்டின் தரவும் பூட்டுக்குள் போய்விடும். பின்லாந்து 2012-லும் டென்மார்க் 2013-லும் தங்கள் அடிப்படை வரைபடத் தரவை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது சும்மா தாராள மனசு மட்டும் இல்லை, கூட்டுவேலையில் இருந்த பெரிய முடிச்சு ஒன்றும் அதனால் அவிழ்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த உயர்மதிப்புத் தரவு விதியில் (சில வகை அரசுத் தரவை இலவசமாகத் திறக்கச் சொல்லும் விதி) இடஞ்சார் தரவும் ஒரு வகையாக இருக்கிறது, அதனால் அங்கே இப்போது இந்தச் சண்டை குறைந்து வருகிறது.

சட்டம் போட்டால் ஆகிவிடுமா என்றால், இன்ஸ்பயர் என்ற ஐரோப்பிய ஆணையைப் பாருங்கள். 2007-ல் வந்தது, 34 தலைப்புகள், கடைசிக் காலக்கெடு 2021. புதிதாக எதையும் அளக்க வேண்டாம், இருப்பதைப் பொது வடிவத்தில் மாற்றிக் கொடுங்கள் என்றுதான் சொன்னது. அதற்கே இவ்வளவு காலம். அந்தப் பொது வடிவமும் எல்லா நாட்டின் எல்லா நுணுக்கத்தையும் உள்ளே அடைக்கப் பார்த்ததால் படுசிக்கலாகிப் போய், நான் பார்த்த பலர் அதைத் தொடாமல் பழைய தேசியக் கோப்பையே இறக்கிக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம், யூரோஜியோகிராஃபிக்ஸ் என்ற வரைபடத் துறைகளின் சங்கம் 10 லட்சத்தில் ஒரு பங்கு, இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுகளில், உறுப்பினர்கள் தரும் தரவைக் கோத்து ஐரோப்பா முழுவதற்கும் தொகுப்பு வெளியிடுகிறது. ஆசையை அளவாக வைத்துக்கொண்டதால் அது பயன்படுகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

உலகம் முழுவதற்கும் 10 லட்சத்தில் ஒரு பங்கு அளவில், தாள்களைப் பங்கிட்டு வரையலாம் என்று ஜெர்மன் புவியியலாளர் ஆல்பிரெக்ட் பெங்க் 1891-லேயே சொல்லி, நாடுகளும் தலையாட்டி, ஒரு நூற்றாண்டு இழுத்தும் அது முடியவேயில்லை. விதிமுறை இருந்தது, புதுப்பிக்க ஆள் இல்லை.

புதுப்பித்தல் என்றதும் ஞாபகம் வருகிறது. எந்தத் துறையும் தலைநகரத்தைத்தான் முதலில் புதுப்பிக்கும், எல்லையோர மலைக்காடு கடைசியில்தான். கோடுகள் சந்திக்க வேண்டிய இடமோ அந்தக் காடுதான்! இங்கே மூன்று வருடப் பழசு, அங்கே இருபது வருடப் பழசு. புதிதாக வந்த அணை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், நீர்த்தேக்கம் எல்லைக்கோட்டில் கத்தியால் வெட்டியது மாதிரி முடியும்.

பெயர்கள் தனிக் கூத்து. ஜெர்மன்காரருக்கு டோனாவ், ஸ்லோவாக்கியருக்கு டுனாய், ஹங்கேரியருக்கு டுனா, செர்பியருக்கு டுனாவ், ருமேனியருக்கு டுனெரியா. நாம் டான்யூப் என்கிறோம். பத்து நாடுகள் வழியாக ஓடும் ஒரே ஆறு, படுகையைக் கணக்கிட்டால் 19 நாடுகள். தரவில் 'பெயர்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் முதல் கூட்டத்திலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஆற்றுக்குப் பொது அடையாள எண் கொடுத்து, பெயர்களை மொழியோடு சேர்த்து எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் தீர்ந்தது. தகராறில் இருக்கும் எல்லைக்கோட்டுக்கு இப்படிச் சுலபமான வழி இல்லை, விட்டு விட்டு வரைந்து ஓரத்தில் ஒரு பொறுப்புத்துறப்பு எழுதுவதுதான் பலரும் செய்வது.

எங்கே தொடங்குவது என்ற இரண்டாவது கேள்விக்கு: போர்ட்டலில் தொடங்க வேண்டாம். திறப்பு விழாவுக்கு அது நன்றாக இருக்கும், இரண்டு வருடத்தில் மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய குறிப்புகள்) பழசாகி, ஏதோ ஒரு நாட்டு சர்வர் படுத்து, வரைபடத்தில் அந்த நாடு மட்டும் வெள்ளை ஓட்டையாக நிற்கும். ஒரே ஓர் ஆறு அல்லது ஒரே ஒரு நெடுஞ்சாலை எடுத்துக்கொண்டு, எல்லையின் இரு பக்கமும் பொதுக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை அளந்து, கடக்கும் புள்ளிகளை எழுதி, இரண்டு அலுவலகத்திலும் இதற்கென்று பெயர் சொல்லி ஓர் ஆளை வையுங்கள்.

என் ஆற்றுப்படுகை வேலையும் கடைசியில் அப்படித்தான் முடிந்தது. இரண்டு துறைகளிலிருந்தும் ஆளுக்கொருவர், ஒரு சாதாரண எக்ஸெல் பட்டியல், அறுபத்துச் சொச்சம் கடக்கும் புள்ளிகள். ஒவ்வொரு வரியாக இரண்டு பேரும் 'சரி' போட்டார்கள், அடுத்த பதிப்பில் கோடுகள் என் கை படாமலே சந்தித்தன. ஒரே ஒரு வரி மட்டும் காலியாகவே இருக்கிறது. அங்கே ஆறு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தடம் மாறுகிறது, நடுவில் இருந்த மணல்திட்டு போன தடவை பார்த்தபோது எதிர்க்கரையோடு ஒட்டியிருந்தது. அது எந்த நாட்டு மணல் என்று அந்தப் பட்டியலில் எழுத இரண்டு பேருக்குமே அதிகாரம் கிடையாது.