சிங்க் வரப்போகும் சுவரில் இருக்கும் பழைய பிளக் பாயிண்ட்டை எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாமா?

கோபிப் பக்கம் பழைய ஓட்டு வீடு, சமையலறையை மட்டும் மாத்திக் கட்டறோம், மிக்சி பாயிண்ட் இருந்த சுவர்ல இப்ப சிங்க் வருதுன்னு எழுதியிருக்கீங்க. பிளேட்டைக் கழட்டி, ஒயர் முனையில டேப் சுத்தி உள்ள தள்ளிட்டா மேல டைல்ஸ் வந்துரும்னு கொத்தனார் சொல்றாருங்க. அதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க. நான் பெருந்துறை சுத்துவட்டாரத்துல வீட்டு ஒயரிங் வேலை பார்க்கறேன். சமையலறை வேலையில என்னைய அதிகமா பயப்படுத்தற விசயம் இதுதான்.

பிளேட் போனாலும் கரண்ட் அங்கேயேதான் இருக்குமுங்க. சிங்க்குக்குப் பின்னால இருக்கற சுவர் எப்பவும் ஈரம் குடிச்சுட்டே இருக்கும். டேப்போட பசை காலப்போக்குல காஞ்சு விட்டுரும். அப்புறம் குழாயைத் தொட்டா சுர்ருங்கும், இல்ல காரணமே தெரியாம ட்ரிப் ஆயிட்டே இருக்கும். தண்ணி பில்டர் மாட்டறதுக்கு எவனாவது அந்த டைல்ஸ்ல ட்ரில் போட்டா அவன் உயிருக்கே ஆபத்து. ஒரு பாயிண்ட்டை எடுக்கறதுன்னா, அந்த ஒயர் எந்தப் பெட்டியில இருந்து வருதோ அங்க போய்க் கழட்டி, ஒயரையே உருவி வெளிய எடுக்கறதுங்க. அதுக்குக் குறைஞ்ச எதையும் எடுத்ததா கணக்குல சேர்க்காதீங்க.

அதுக்கு முன்னாடி அந்த லைன் எங்க போகுதுன்னு தெரியணும். அந்த லைனோட எம்சிபியை, அதாவது லோடு மீறினா தானா விழற சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணிட்டு, ஒரு டேபிள் லேம்ப்பை எடுத்துட்டுப் போய் வீட்டுல இருக்கற எல்லா பாயிண்ட்லயும் சொருகிப் பாருங்க, எரியாததெல்லாம் இந்த லைன்ல இருக்கறதுங்க. பழைய வீடுகள்ல மிக்சி பாயிண்ட்ல இருந்தே பிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் லூப் இழுத்திருப்பாங்க. நடுவுல இருக்கறதை வெட்டினா பின்னால இருக்கறதெல்லாம் செத்துரும். அப்ப முந்தின பெட்டியில இருந்து அடுத்த பெட்டிக்குப் புது ஒயர் வேற வழியா போகணும். ஒயர் பைப்புக்குள்ள இறுகி உருவ வரலைன்னா, ரெண்டு முனையையும் கழட்டி, எதோடயும் சேராம, கரண்ட் இல்லாத வெறும் கம்பியா விட்டுரலாம். ஜாயிண்ட் போட்டு டைல்ஸுக்குள்ள மூடறது மட்டும் கூடவே கூடாது. ஜாயிண்ட்னு ஒண்ணு இருந்தா அது திறந்து பார்க்கற பெட்டியில, டம்மி பிளேட்டுக்குப் பின்னால இருக்கணும். பழசு அலுமினிய ஒயரா இருந்தா அதோட தாமிர ஒயரை முறுக்கி விடறதும் வேண்டாம், அந்த இடம் நாளாக நாளாகச் சூடேறும்.

மெயின் ஆஃப் பண்ணியாச்சு, கை வைக்கலாம்னு நினைக்கற இடத்துலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. வீட்டுல யுபிஎஸ் இருந்தா அதுல கோத்த பாயிண்ட்டுக்கு பேட்டரியில இருந்து கரண்ட் வந்துட்டேதான் இருக்கும். யுபிஎஸ்ஸையும் அணைக்கணும். டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்கற பாயிண்ட்ல வெச்சு எரியுதான்னு பார்த்துட்டு, அப்புறம் இங்க வெச்சுப் பார்க்கணும். கெட்டுப்போன டெஸ்டர் எல்லா இடத்துலயும் "இல்லை"ன்னுதான் காட்டும். இதையெல்லாம் நீங்களே செய்யச் சொல்லலைங்க. லைசென்ஸ் இருக்கற ஆளை வெச்சுச் செய்யுங்க, அவர் இப்படிச் செய்யறாரான்னு பக்கத்துல நின்னு பாருங்க.

புதுப் பாயிண்ட் எங்க வைக்கறதுன்னு கொத்தனாரையோ என்னையோ கேக்காதீங்க. சமைக்கறவங்களைக் கேளுங்க. உங்கம்மா மாவாட்டற கிரைண்டரை எந்த மூலையில வைப்பாங்க, மிக்சியை எந்தக் கையில எடுப்பாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். நான் பார்க்கறது மூணு விசயம். சிங்க்ல இருந்து ரெண்டடியாவது தள்ளி இருக்கணும். அடுப்புக்கு மேலயோ நேர் பின்னாலயோ வரக்கூடாது. சிலிண்டர் இருக்கற மேடைக்கு அடியில சுவிட்சே கூடாது, ஏன்னா கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையில தங்கும், ஒரு சுவிட்ச் பொறி போதும். கிரைண்டர் தரையில நிக்கறதா இருந்தாலும் அதோட பாயிண்ட்டை மேல வைங்க, கழுவி ஊத்தற தண்ணி படாம.

பழைய 5 ஆம்பியர் லைனை அப்படியே நீட்டிக்காதீங்க. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதுக்கு 16 ஆம்பியர் சாக்கெட், குறைஞ்சது 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், எம்சிபி எல்லாம் இருக்கற டிபி பெட்டியில இருந்து தனி லைன், தனி எம்சிபி. பழைய லைனுக்கு ஒயர் 1 ஸ்கொயரோ 1.5 ஸ்கொயரோதான் இருக்கும்.

எர்த் ஒயர் இல்லாம புது சாக்கெட் மாட்டினா அதுல மூணாவது ஓட்டை சும்மா இருக்கும். கிரைண்டர் இரும்பு உடம்பு, சுத்தியும் தண்ணி, நிக்கறது வெறுங்காலோட. மூணு பின்ல எர்த் பின் மட்டும் நீளமா இருக்கறதே, அது முதல்ல சேர்ந்து கடைசியில பிரியணும்னுதாங்க. நம்மூர் மேற்குத் தொடர்ச்சி மலையோட மழை மறைவுல இருக்கற பூமி. பங்குனி சித்திரையில பொடக்காலியில, வீட்டுக்குப் பின்னால இருக்கற எர்த் குழி வறண்டா எர்த் சரியா வேலை செய்யாது, அப்பப்ப தண்ணி ஊத்துங்க. அதோட 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா அணையற சுவிட்ச் ஒண்ணு கட்டாயம் போடுங்க. பழைய பீஸ் கட்டை ஓவர்லோடுக்குத்தான் போகும், ஆள் மேல பாயற கரண்ட்டை அதுக்குத் தெரியாது.

ஒயர் பைப்புக்காகச் சுவர்ல காடி வெட்டி எடுக்கும்போது நேர் மேல, இல்ல நேர் பக்கவாட்டுல மட்டும் எடுக்கச் சொல்லுங்க. குறுக்கால சாய்வா போனா பின்னால ஆணி அடிக்கறவனுக்குத் தெரியாது. பெட்டியோட வாய் டைல்ஸ் மட்டத்துக்கு வரணும், அதனால டைல்ஸ் கனத்தை முன்னாடியே எலக்ட்ரீசியன்கிட்ட சொல்லிருங்க. பூச்சுக்கு முன்னால அளவு டேப்பைச் சுவர்ல பிடிச்சு ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வைங்க. டைல்ஸ்காரர் வர்றதுக்கு முந்தின நாள் மெக்கர், அதாவது ஒயரோட இன்சுலேஷன் சரியா இருக்கான்னு பார்க்கற மீட்டர் வெச்சு எல்லா லைனையும் ஒருக்கா பார்த்துருங்க. பழுது இருந்தா அன்னைக்கு வெறும் பூச்சை உடைச்சாப் போதும்.