32 பிட்டில் ஓடிய பைத்தான் நிரல் 64 பிட்டில் ஏன் விழுகிறது?

கேள்வி: ராஸ்பெர்ரி பையில் வெப்பநிலை சென்சரைப் படிக்க, சி மொழியில் எழுதிய ஷேர்டு லைப்ரரி ஒன்றைப் பைத்தானிலிருந்து சி ஃபங்ஷன்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் (ctypes) வழியாக அழைக்கிறேன். 32 பிட் இயங்குதளத்தில் இரண்டு ஆண்டுகள் சிக்கலில்லாமல் ஓடியது. 64 பிட்டுக்கு மாறி, லைப்ரரியையும் மறுபடி கம்பைல் செய்தேன். இப்போது ஓபன் ஃபங்ஷன் தரும் பாயிண்டரை (நினைவக முகவரியை) ரீட் ஃபங்ஷனுக்குக் கொடுத்ததும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று விழுகிறது. அந்தப் பாயிண்டர் தேவைப்படாத 'கடைசி அளவீடு' ஃபங்ஷன் விழவில்லை. ஆனால் தேதி 1970 என்றும், வெப்பநிலை நம்பவே முடியாத எண்ணாகவும் வருகிறது. ட்ரை–எக்செப்ட் போட்டும் பிடிபடவில்லை. சி நிரலில் ஒரு வரியும் மாற்றவில்லை. எங்கே தவறு?

பதில்: இங்கே இரண்டு தவறுகள் இருக்கின்றன. இரண்டும் முன்பே இருந்தவைதான். 32 பிட் அவற்றை மூடி மறைத்திருந்தது.

சிடைப்ஸ் சி ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் உங்கள் ஹெடர் கோப்பைப் படிப்பதே இல்லை. கம்பைல் ஆன லைப்ரரியில் ஃபங்ஷனின் பெயரும் அது இருக்கும் இடமும்தான் பதிவாகியிருக்கும். அது என்ன வகை மதிப்பை வாங்குகிறது, எதைத் திருப்பித் தருகிறது என்ற விவரம் அதில் கிடையாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், திரும்பி வருவது ஓர் இன்ட் (முழு எண்) என்று சிடைப்ஸ் தானாக எடுத்துக்கொள்ளும். இன்ட் என்றால் 4 பைட். 32 பிட்டில் பாயிண்டரும் 4 பைட்தான் என்பதால் அந்த ஊகம் தற்செயலாகச் சரியாக இருந்தது. 64 பிட்டில் பாயிண்டர் 8 பைட், மேல்பாதி வெட்டுப்பட்டுவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஓபன் தரும் முகவரி 16 அடிமானத்தில் 55 9012 3456 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் உள்ள 55 கழன்றுபோய் 9012 3456 மட்டும் மிஞ்சும். அதன் முதல் பிட் 1 ஆகையால், பைத்தானுக்கு அது எதிர்மறை எண்ணாகத் தெரியும். ஓபன் தந்த மதிப்பை ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். எதிர்மறையாக இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். நேர்மறையாக வந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். அந்த முதல் பிட் 0 ஆக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

திரும்பி வரும் மதிப்பின் வகையைச் சொல்லும் ரெஸ்டைப் என்ற பண்பில் ஓபன் ஃபங்ஷனுக்கு சி_வாய்ட்_பி (எதையும் சுட்டக்கூடிய பாயிண்டர் வகை) என்று குறிப்பதுதான் இதற்குத் தீர்வு. பலர் இதோடு நிறுத்திவிட்டு, மறுபடி விழுகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். காரணம் இதுதான்: சி_வாய்ட்_பி என்று சொன்னால் உங்கள் கைக்கு வருவது பாயிண்டர் பொருள் அல்ல, சாதாரணப் பைத்தான் எண். அதை ரீட் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது, அங்கே ஆர்க்டைப்ஸ் (வாங்கும் மதிப்புகளின் வகைகள்) சொல்லப்படவில்லை என்றால், சிடைப்ஸ் அந்த எண்ணை மீண்டும் இன்ட் ஆக்கி 4 பைட்டாக வெட்டிவிடும். வரும்போது காப்பாற்றியது போகும்போது தொலைந்துவிடுகிறது. ஆகவே ஓபன், ரீட், குளோஸ் மூன்றுக்கும் ஆர்க்டைப்ஸ், ரெஸ்டைப் இரண்டையும் எழுதுங்கள். ஆர்க்டைப்ஸ் எப்போதும் ஒரு பட்டியல். வாங்கும் மதிப்பு ஒன்றே ஒன்றானாலும் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனுக்கு ரெஸ்டைப் நன் (None) என்று வையுங்கள்.

இதைவிட நல்ல வழியும் உண்டு. ஸ்ட்ரக்சர் வகுப்பிலிருந்து 'கருவி' என்று உள்ளே எதுவும் இல்லாத ஒரு வகுப்பை உருவாக்கி, அதற்கான பாயிண்டர் வகையை எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். அப்போது மதிப்பு எண்ணாக மாறாது. வேறு வகைப் பாயிண்டரைக் கொடுத்தாலும் சி பக்கம் போகுமுன்பே பைத்தான் தடுத்துவிடும்.

இனி 1970. 'கடைசி அளவீடு' ஃபங்ஷன் நிரப்பும் ஸ்ட்ரக்ட்டில் (பல மதிப்புகளை ஒன்றாக அடுக்கும் சி அமைப்பில்) அநேகமாக இந்த வரிசை இருக்கும்: இன்ட் எண், லாங் நேரம், ஃபுளோட் வெப்பநிலை, சார் நிலை. பைத்தான் பக்கம் நேரத்துக்கு சி_இன்ட் என்று எழுதியிருப்பீர்கள். 32 பிட்டில் லாங், இன்ட் இரண்டும் 4 பைட் என்பதால் இரு பக்கமும் 16 பைட்டாகப் பொருந்தியது. 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். 8 பைட் மதிப்பு, 8-ஆல் வகுபடும் இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதால், எண்ணுக்குப் பின் 4 பைட் வெற்றிடமாக விடப்படுகிறது. சி பக்கம் மொத்தம் 24 பைட். பைத்தான் பக்கம் இன்னும் 16-தான்.

பைத்தான் நேரத்தைத் தேடுவது 4-ஆம் பைட்டில், அதாவது அந்த வெற்றிடத்தில். அங்கே யாரும் எழுதாததால் 0 இருக்கிறது. 0 வினாடி என்றால் 1970 ஜனவரி 1, இந்திய நேரப்படி காலை 5.30. வெப்பநிலையைத் தேடும் 8-ஆம் பைட்டில் இருப்பதோ உண்மையான நேரம். வினாடி எண்ணிக்கையின் பிட்டுகளை ஃபுளோட்டாகப் படித்தால் இருபது இலக்கத்தைத் தாண்டிய எண் வரும். உங்கள் சென்சர் பாவம், அது சரியாகத்தான் அளக்கிறது.

தவறான எண்ணை விடவும் மோசமான விளைவு ஒன்று உண்டு. வெப்பநிலையையும் நிலையையும் சி நிரல் 16-ஆம் பைட்டில் தொடங்கி எழுதுகிறது. அந்த இடம் உங்களுடையது அல்ல. பக்கத்தில் இருக்கும் வேறு ஏதோ பொருளின் நினைவகம். எனவே, பத்து நிமிடம் கழித்து, இதற்குச் சம்பந்தமே இல்லாத வரியில் நிரல் விழக்கூடும்.

நேரத்தை சி_லாங் என்று மாற்றினால் சரியாகிவிடும். லைப்ரரி உங்களுடையது என்றால், சி பக்கம் 64 பிட் என்று அளவு நிலைத்த இன்ட் வகையையும், பைத்தான் பக்கம் சி_இன்ட்64-ஐயும் வையுங்கள்; ஏனென்றால் 64 பிட் விண்டோஸில் லாங் இன்னும் 4 பைட்தான். மாற்றிய பின் சி பக்கத்து சைஸ்ஆஃப் (மொத்த அளவு), ஆஃப்செட்ஆஃப் (ஒவ்வொரு புலமும் தொடங்கும் இடம்) மதிப்புகளை அச்சிடும் ஒரு குட்டி நிரலை எழுதி, பைத்தானில் சிடைப்ஸின் சைஸ்ஆஃப் மதிப்போடும் ஒவ்வொரு புலத்தின் ஆஃப்செட்டோடும் ஒப்பிடுங்கள். மொத்த அளவை மட்டும் பார்ப்பது போதாது. உள்ளே இடம் மாறியிருந்தாலும் நிரப்பு பைட்டுகளால் மொத்தம் ஒன்றாகிவிடுவதுண்டு.

ட்ரை–எக்செப்ட் பிடிக்காததில் வியப்பில்லை. அது பைத்தான் எழுப்பும் பிழை அல்ல. இயங்குதளம் செயல்முறைக்கே அனுப்பும் 11-ஆம் எண் சிக்னல். பைத்தானை இயக்கும்போது 'எக்ஸ்' தெரிவில் ஃபால்ட்ஹேண்ட்லர் என்று சேர்த்தால், விழுந்த நேரத்தில் எந்தப் பைத்தான் வரி ஓடிக்கொண்டிருந்தது என்றாவது தெரியும்.

இரண்டையும் சரிசெய்த பிறகும் விழுந்தால், வழக்கமாகக் காரணமாவது இவை. லைப்ரரி மாலாக் செய்து (நினைவகம் ஒதுக்கி) ஒரு சரத்தைத் தருகிறது என்றால் ரெஸ்டைப்பாக சி_சார்_பி வைக்காதீர்கள். சிடைப்ஸ் அதை உடனே பைட்ஸாக நகலெடுத்து, மூல முகவரியைத் தொலைத்துவிடும். பிறகு எதை விடுவிப்பீர்கள்? சி_வாய்ட்_பி-யாக வாங்கி, ஸ்ட்ரிங்_அட் கொண்டு படித்து, அந்த லைப்ரரி தரும் விடுவிப்பு ஃபங்ஷனிடமே திருப்பிக் கொடுங்கள். லைப்ரரி எழுத வேண்டிய இடத்துக்குப் பைட்ஸைக் கொடுப்பதும் தவறு; அது மாற்றக்கூடாத பொருள். கிரியேட்_ஸ்ட்ரிங்_பஃபர் கொண்டு ஒதுக்குங்கள். எச்சரிக்கை அழைப்புக்காகக் கால்பேக் (லைப்ரரி திருப்பி அழைக்கும் பைத்தான் ஃபங்ஷன்) பதிவு செய்திருந்தால், அதை ஒரு நிலையான மாறியில் பிடித்து வையுங்கள். அழைக்கும் வரியிலேயே உருவாக்கிக் கொடுத்தால், பைத்தான் அதைக் குப்பை என்று அள்ளிவிடும். லைப்ரரியோ பழைய முகவரியையே அழைக்கும். 'கொஞ்ச நேரம் ஓடிவிட்டு விழுகிறது' என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ராஸ்பெர்ரி பைக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. கர்னல் 64 பிட்டாகவும் மற்ற நிரல்கள் 32 பிட்டாகவும் இருக்கும் அமைப்பும் புழக்கத்தில் உள்ளது. ஆகவே யுநேம் கட்டளை சொல்வதை நம்பாமல், பைத்தானிலேயே சி_வாய்ட்_பி-யின் அளவைக் கேளுங்கள். 8 என்று வந்தால்தான் நீங்கள் ஓட்டுவது 64 பிட் பைத்தான்.

ஐந்தாறு ஃபங்ஷன்களுக்குச் சிடைப்ஸ் போதும். இருபது முப்பது என்று போனால் சிஎஃப்எஃப்ஐ (CFFI) என்ற மாற்று லைப்ரரியின் பக்கம் போய்விடுவது நல்லது. அதில் ஹெடரிலுள்ள அறிவிப்புகளை ஏறக்குறைய அப்படியே ஒட்டினால் போதும். அதன் ஏபிஐ முறையில் சி கம்பைலரே நடுவில் வருவதால், உங்கள் ஸ்ட்ரக்ட் ஹெடரில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் அதை வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடும்.