இரட்டை லென்ஸ் கேமராவுக்கு இருபத்தைந்தாயிரமா?

கேள்வி: குன்னூரில் எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்தது என்று, பழைய பொருள் வியாபாரி ஒருவர் ‘ஸ்டீரியோ ரியலிஸ்ட்’ கேமராவைக் காட்டினார். தோல் உறையோடு 25,000 ரூபாய். இணையத்தில் 40,000 போட்டிருக்கிறார்கள், இது மலிவு என்கிறார். ஷட்டரை அழுத்திக் காட்டினார், சத்தம் கேட்டது. வாங்கலாமா ஐயா? இன்றும் அதில் படம் எடுக்க முடியுமா? – வாசகர், வெலிங்டன்

பதில்: படம் எடுக்க முடியும். ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். ஒரே காட்சியை இரு கண்ணுக்கும் தனித்தனியாக, ஜோடிப் படமாக எடுத்து, பார்க்கும்போது முப்பரிமாணமாகத் தெரியவைக்கும் கேமரா அது.

இணையத்தில் ஒருவர் 40,000 என்று எழுதிவைப்பது அவருடைய ஆசை. ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது; பார்த்தால் மயக்கம் தெளியும். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து டேவிட் ஒயிட் நிறுவனம் 1947 முதல் 1971 வரை விற்ற கேமரா இது. அரிய பொருள் அல்ல. லென்ஸின் ஒளித்துளை அளவு எஃப் 3.5 என்றால் சாதாரண வகை, 2.8 என்றால் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். குறையில்லாத 3.5 வகைக்கு நானாக இருந்தால் பத்தாயிரத்தைத் தாண்ட மாட்டேன். ஜோடிப் படங்களைப் பார்ப்பதற்கான, விளக்கு வைத்த பார்வைப்பெட்டியும் சேர்ந்து வந்தால்தான் அதற்கு மேல் பேச்சு.

உங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால் வடகிழக்கு பிடித்துக்கொள்ளும் இடம் குன்னூர். தோல் உறைக்குள் கிடந்த கேமரா எத்தனை மழைக்காலத்து ஈரத்தைக் குடித்ததோ! பின்மூடியைத் திறந்து, ‘பி’ நிலையில் (அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும்) ஷட்டரை அழுத்திப் பிடித்து, டார்ச்சைச் சாய்வாக அடித்து இரண்டு லென்ஸ்களையும் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒன்றுதானே என்று சமாதானம் ஆகாதீர்கள்: ஒரு கண்ணுக்குத் தெளிவும் மறு கண்ணுக்குப் புகையுமாக வரும் படத்தைப் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும்.

ஷட்டர் சத்தத்தை நம்ப வேண்டாம். ஒரு வினாடி வேகத்தில் வைத்து, கேமராவின் பின்பக்கம் வழியாக வெள்ளைச் சுவரைப் பாருங்கள். இரண்டு லென்ஸிலும் ஷட்டர் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூட வேண்டும். பழைய எண்ணெய் பிசினாகிவிட்டால் மெதுவான வேகங்களில்தான் தடுமாற்றம் தெரியும். பிலிமைச் சுற்றினால் இதில் ஷட்டர் தயாராகாது. அதற்கான நெம்புகோலை ஒவ்வொரு முறையும் தனியே தள்ள வேண்டும். அது தெரியாமல் பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பிலிம் சாதாரண 35 மி.மீ. ரோல்தான். ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்த தொழிற்சாலை இருந்த ஊட்டிக்கே இன்று பிலிமைக் கூரியரில் வரவழைக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய! 36 படச் சுருளில் சுமார் 28 ஜோடிகள் விழும். ஒவ்வொரு படமும் பிலிமின் ஓரத் துளைகளில் ஐந்தின் அகலம். சாதாரண 35 மி.மீ. கேமராக்களில் எட்டு. ஆகவே லேபில் கொடுக்கும்போது உறையின் மேலேயே ‘வெட்ட வேண்டாம்’ என்று பெரிதாக எழுதுங்கள். வழக்கமான அளவில் வெட்டினால் கத்தி படத்தின் நடுவில் இறங்கும். நெகட்டிவை ஸ்கேன் செய்து இரண்டையும் அருகருகே அச்சிட்டாலே போதும், பார்வைப்பெட்டிக்கான ஸ்லைடு கட்டாயமில்லை.

எடுக்கும்போது கேமராவைச் சாய்க்காதீர்கள். இரண்டு மீட்டருக்குள் எதுவும் வர வேண்டாம். வெயிலில் எஃப் 8, 11 என்று லென்ஸின் ஒளித்துளையைச் சுருக்கினால் முன்னும் பின்னும் தெளிவாக விழும். தொட்டபெட்டாவை மட்டும் தூரத்திலிருந்து எடுத்தால் சுவரில் ஒட்டிய காலண்டர் போலத் தட்டையாகத்தான் இருக்கும். முன்னால் தேயிலைச் செடி, நடுவில் ஒரு சில்வர் ஓக் மரம், அதற்கப்பால் மலை என்று வையுங்கள். வீட்டில் அந்தத் தோல் உறைக்குள் போடாமல், சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: கண்ணாடித் தகட்டில் படம் விழும், இதே போன்ற இரட்டை லென்ஸ் ‘வெராஸ்கோப்’ கேமரா ஒன்று பெட்டியோடு விலைக்கு வருகிறது. பயன்படுமா? – வாசகி, கொடைக்கானல்

பதில்: மேசை அழகுக்கு மட்டும் வாங்குங்கள். அந்த 45 × 107 மி.மீ. தகடு இன்று கடையில் கிடைக்காது. ஆனால் பெட்டிக்குள் எடுத்து முடித்த தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ஏரியும் ஊரும் அதில் இருந்தால், எனக்குக் கேமராவைவிட அவைதான் பெரிது. அழுக்காக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், படம் துணியோடு வந்துவிடும்.