ரோஷ்ஃபோர் 10: எப்படி ருசித்துக் குடிப்பது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பெல்ஜியத்தின் வலுவான ஏல் என்னும் பீர் வகைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரோஷ்ஃபோர் 10 பற்றித்தான். தெற்கு பெல்ஜியத்தில் ட்ராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கச் சபைத் துறவிகளின் மடத்துக்குள் காய்ச்சப்படும் கருஞ்சிவப்பு ஏல், ஆல்கஹால் 11.3 சதவீதம். எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அண்ணே, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடித்துப் பார்த்தேன். வாசனையே இல்லை, தொண்டையில் எரிச்சல் மட்டும்தான். இதற்கா இவ்வளவு பேச்சு?

குளிர்தான் காரணம் தம்பி. நாலைந்து டிகிரியில் வாசனை மேலே எழும்பாது, இனிப்பும் நாக்குக்குச் சரியாகத் தெரியாது, அப்புறம் மிஞ்சுவது வாயுவின் குத்தலும் ஆல்கஹாலின் சூடும்தான். 12 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்வரை வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். முதல் வாயில் மிளகு மாதிரி ஒரு சுருக். பத்து நிமிடம் விட்டு அடுத்த வாய் குடித்தால் உலர்திராட்சை, அத்திப்பழம். கிளாஸில் கால் பங்கு இருக்கும்போது கருகின வெல்லப்பாகும் கோகோவும் கலந்த ஒரு வாசனை வரும், அதற்காகத்தான் இதை வாங்குகிறோம். அவசரப்பட்டு முடித்தால் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே மாட்டீர்கள்.

அதற்கென்று தனி கிளாஸ் வேண்டுமா?

அகலமான வாயும் குட்டைத் தண்டும் உள்ள கோப்பை இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒயின் கிளாஸ் போதும், பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். எண்ணெய்ப் பசை மட்டும் இருக்கக் கூடாது, நுரை உட்கார்ந்துவிடும்.

பழம், கிராம்பு எல்லாம் உள்ளே போடுகிறார்களா சார்?

பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. கொத்தமல்லி விதை மட்டும் கொஞ்சம் சேர்ப்பார்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் ஈஸ்ட் செய்கிற வேலை. பெல்ஜிய ஈஸ்ட் வகைகளைச் சற்றுச் சூடான பதத்தில் நொதிக்க விட்டால் எஸ்டர்கள் என்னும் வாசனைப் பொருள்கள் நிறைய உண்டாகும், வாழைப்பழ வாசனையும் பழுத்த பேரிக்காய் வாசனையும் அதிலிருந்துதான். கிராம்பு, மிளகு வாசனை அதே ஈஸ்ட் உண்டாக்கும் ஃபீனால்கள் என்னும் வேறு வகைப் பொருள்களால் வருவது. உலர்திராட்சையும் கருகின சர்க்கரையும் கருத்த மால்ட்டிலிருந்தும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சர்க்கரையிலிருந்தும் வருகின்றன.

சர்க்கரை போட்டுக் காய்ச்சுவது கலப்படம் இல்லையா? 10 என்பதுதான் சதவீதமா?

இரண்டுக்கும் இல்லை. 10 என்பது நொதிக்கும் முன் பீருக்கான மால்ட் சாறு எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் பழைய பெல்ஜியக் கணக்கு. அதே மடத்தின் 6, 8 இரண்டும் முறையே 7.5, 9.2 சதவீதம்.

சர்க்கரை விஷயத்தை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். மால்ட்டை மட்டும் வைத்து 11 சதவீதத்துக்கு ஏற்றினால் நொதிக்காத இனிப்பு நிறையத் தங்கி, பீர் பாகு மாதிரி கனத்துப்போகும். சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுவதும் தின்றுவிடுவதால் ஆல்கஹால் ஏறும், பீர் கனத்துப்போகாது. வலுவாக இருந்தும் நாக்கில் ஒட்டாமல் இறங்குகிறதே, என்னைக் கேட்டால் பெல்ஜியக்காரர்களின் திறமையே அங்கேதான். வெஸ்ட்மாலே ட்ரிப்பெல் 9.5 சதவீதம், டூவெல் 8.5, இந்த இரண்டு பெல்ஜிய பீர்களிலும் இதே சூட்சுமம்தான்.

அடியில் கலங்கலாக ஏதோ இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

ஈஸ்ட் வண்டல். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடுகிறார்கள், நுரை வருவதும் அதனால்தான். பாட்டிலை ஒருநாள் நிமிர்த்தி வைத்து, கிளாஸைச் சாய்த்து ஒரே மூச்சில் ஊற்றி, கடைசி விரற்கடை அளவை விட்டுவிடுங்கள். குடித்தாலும் ஒன்றும் ஆகாது, ரொட்டி மாவு வாசனை தூக்கலாகும், அவ்வளவுதான்.

வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12தான் உலகிலேயே சிறந்தது என்கிறார்களே?

அதுவும் பெல்ஜியத்தில் வேறொரு ட்ராப்பிஸ்ட் மடத்தின் ஏல். அருமையான பீர், மறுக்கவில்லை. 10.2 சதவீதம், ரோஷ்ஃபோரை விட வழவழப்பு. ஆனால் அந்த மடம் குறைவாகத்தான் காய்ச்சுகிறது, முன்பதிவு செய்துதான் வாங்க வேண்டும், எளிதில் கிடைக்காததற்கும் சேர்த்துத்தான் புகழ். வெளிக் கடைகளில் பல மடங்கு விலை சொல்வார்கள், அந்தக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ரோஷ்ஃபோர் 10 அதற்கு எந்த வகையிலும் இளைத்ததில்லை.

எத்தனை வருஷம் வைத்திருக்கலாம்?

இருட்டில், வெயில் சூடு படாத இடத்தில் நிமிர்த்தி வைத்தால் ஐந்து வருஷம் தாராளமாகத் தாங்கும். மிளகுச் சுருக் மங்கி, ஷெர்ரி ஒயின் சாயல் வரும். ஈர அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் காற்றுப் பட்டு வீணாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரே ஆள் ஒரு பாட்டில் குடிக்கலாமா? கூடச் சாப்பிட என்ன வைக்கலாம்?

330 மில்லி பாட்டில்தான், ஆனால் அதில் அதே அளவுள்ள சாதாரண 5 சதவீத பீர் இரண்டு பாட்டிலுக்கும் மேலான ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு பேர் பகிர்ந்து ஒரு மணி நேரம் குடியுங்கள், வண்டியைத் தொடவே வேண்டாம். நீலப் பூஞ்சை படிந்த சீஸ் கிடைத்தால் விடாதீர்கள், அதன் உப்பும் இதன் இனிப்பும் அப்படிச் சேரும். கசப்பு சாக்லேட்டும் சரி. மிளகாய்க் காரம் தூக்கலான வறுவல் மட்டும் வேண்டாம், ஆல்கஹால் அந்த எரிச்சலை இன்னும் கிளப்பிவிடும், பீரின் வாசனையும் தெரியாமல் போய்விடும்.